160 கிராமா, 185 கிராமா: ராக்கெட்பால் மட்டையைத் தேர்ந்தெடுப்பது குறித்து

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். கோவையில் பள்ளிக் காலத்திலிருந்தே பாட்மின்டன் ஆடியவர் நீங்கள். இப்போது ஓஹாயோவில் முதுகலை படித்துக்கொண்டு, பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தின் இரவல் மட்டையைக் கொண்டு சில மாதங்களாக, நான்கு சுவர்களுக்குள் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ராக்கெட்பாலை ஆடிவருகிறீர்கள். சொந்த மட்டைக்கு 120 டாலர் ஒதுக்கியிருக்கிறீர்கள். 160 கிராம் எடையில் தலைப்பகுதி கனமான மட்டை ஒன்றும், 185 கிராம் எடையில் கைப்பிடிப் பக்கம் கனமான மட்டை ஒன்றும் உங்கள் கவனத்தில் உள்ளன. முன்னது வேகத்துக்கு என்றும் பின்னது துல்லியத்துக்கு என்றும் விளம்பரம் சொல்கிறது. ஆடிய மறுநாள் முழங்கையின் வெளிப்பக்கம் லேசாக வலிக்கிறது என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டாலும், உங்கள் கைக்கு எந்த எடை பொருந்தும் என்பதை எப்படி அறிவது என்பதே உங்களுக்குத் தெரிய வேண்டியது என்று எனக்குப் படுகிறது. அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் படித்தேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் டெக்சாஸில் ஓர் உள்ளூர்க் கிளப்பில் பல ஆண்டுகளாக ஆடிவருகிறேன். அங்கே ஆடுபவர்களின் மட்டைகளுக்கு நரம்பு கட்டித் தருவதும் என் வேலை. மட்டை செய்யும் பொறியாளனும் அல்லன், மருத்துவனும் அல்லன். ஆகவே கீழே எழுதுவதில் எது இயற்பியல், எது விதி, எது நாங்கள் பழக்கத்தில் ஏற்றுக்கொண்ட கருத்து என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

பாட்மின்டனிலிருந்து வருபவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது பந்தின் எடை. இறகுப்பந்து 5 கிராம் அளவே இருக்கும். ராக்கெட்பால் பந்து 1.4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 40 கிராம். எட்டு மடங்கு எடையுள்ள பந்தை, பாட்மின்டன் மட்டையைப் போல இரு மடங்கு எடையுள்ள ஆனால் அதைவிடக் குட்டையான மட்டையால் அடிக்கிறீர்கள். பாட்மின்டன் மட்டை 68 சென்டிமீட்டர் வரை நீளலாம். ராக்கெட்பால் மட்டை, தலை விளிம்பின் காப்புப் பட்டையையும் சேர்த்து, 22 அங்குலத்தை, அதாவது சுமார் 56 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் நகரில் 1950 ஆம் ஆண்டு ஜோ சோபெக் என்பவர், பந்தைக் கையாலேயே சுவரில் அடித்து ஆடும் ஹேண்ட்பாலின் களத்தில் ஆடுவதற்காகவே நரம்பு கட்டிய குட்டை மட்டையை வடிவமைத்தபோது தொடங்கியது இந்த ஆட்டம். களம் 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம். நான்கு சுவர்களும் மேற்கூரையும் ஆட்டத்துக்குள் அடங்கும். பந்து சுவரில் பட்டு முழங்காலுக்குக் கீழே வரும்போது, பக்கவாட்டில் முழு வீச்சாக அடிப்பதே அதிகம். தலைக்கு மேலே மணிக்கட்டைச் சொடுக்கி அடித்துப் பழகிய கை, இங்கும் மணிக்கட்டையே நம்பிப் பந்தை விளாசப் பார்க்கும். தோளும் இடுப்பும் செய்ய வேண்டிய வேலையை முன்கை தனியாகச் செய்கிறது. பாட்மின்டன் ஆடி வந்த பலரிடம் நான் கண்டது இது. உங்கள் வலிக்கும் இதுவே காரணம் என்று நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் மட்டையை மாற்றுவதற்கு முன் ஒரு பயிற்றுநரிடம் உங்கள் பேக்ஹேண்டை, அதாவது புறங்கை முன்னே வர அடிக்கும் அடியை, காட்டுவது, எந்த மட்டையை வாங்கினாலும் பலன் தரும்.

இனி எடைக்கு வருவோம். இன்று விற்கப்படும் மட்டைகள் பெரும்பாலும் 150 முதல் 190 கிராமுக்குள் இருக்கும். 165 வரை உள்ளவற்றை இலகுவானவை என்றும், 170 முதல் 180 வரை நடுத்தரம் என்றும், 185 முதல் கனமானவை என்றும் கடைக்காரர்கள் பிரிப்பது வழக்கம். இந்த எண்கள் நரம்பு கட்டாத சட்டத்தின் எடை. நரம்பு, கைப்பிடி உறை, விளிம்புப் பட்டை, மணிக்கட்டுக் கயிறு எல்லாம் சேர்ந்தபின் 20 கிராமுக்கு மேல் கூடிவிடுவது வழக்கம். ஆகவே உங்கள் இரவல் மட்டையை ஒரு சமையலறைத் தராசில் வைத்து, வரும் எண்ணை விளம்பரத்தில் உள்ள எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டுவிடாதீர்கள். நரம்பு கட்டிய இரண்டு மட்டைகளை அதே தராசில் வைத்து ஒப்பிடுவதே சரி. இரவலாகத் தரப்படுபவை பெரும்பாலும் அலுமினியச் சட்டம் கொண்டவை. 200 கிராமைத் தாண்டியும் இருக்கும். அப்படிப்பட்டதைப் பிடித்துப் பழகியவருக்குக் கார்பன் இழையில் செய்த எந்த மட்டையும் முதல் நாள் இறகாகத் தோன்றும். அந்த முதல் நாள் மகிழ்ச்சியில் 150 கிராம் மட்டையை வாங்கியவர்கள் பலர், சில வாரங்களில் அதன் தலையில் ஈயப் பட்டை ஒட்டித் தரச் சொல்லி வருவார்கள்.

தராசில் காணும் எடையும், வீசும்போது கை உணரும் எடையும் வேறு வேறு. சுத்தியலைக் கைப்பிடி நுனியில் பிடித்து ஆட்டிவிட்டு, அதையே திருப்பி இரும்புத் தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எடை அதேதான் என்றாலும் கை தரும் தீர்ப்பு மாறிவிடும். எடையை, அது கையிலிருந்து இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்பது இயற்பியல். தூரம் இரு மடங்கானால் வீச்சுக்கான தடை நான்கு மடங்காகும். எனவே நீங்கள் குறிப்பிட்ட 160 கிராம் மட்டையின் எடை தலைப்பக்கம் குவிந்திருந்து, 185 கிராம் மட்டையின் எடை கைப்பிடிப் பக்கம் குவிந்திருந்தால், வீசும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கனமாகத் தோன்றக்கூடும். சில இணைகளில் 160 கிராம் மட்டையே கனமாகத் தோன்றுவதும் உண்டு. எடையை மட்டும் பார்த்து மட்டை வாங்குவதில் உள்ள சிக்கல் இதுதான். சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. மட்டையை ஒரு பென்சிலின் மேல் கிடத்தி, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கைப்பிடியின் அடியிலிருந்து அதுவரை அளந்து பாருங்கள். 22 அங்குல மட்டையில் நடு 11 அங்குலம். அதற்கு மேலே நின்றால் தலை கனம், கீழே நின்றால் கைப்பிடி கனம். கால் அங்குல வேறுபாட்டைக்கூடக் கை உணரும்.

வேகத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பந்து எவ்வளவு விரைவாகப் போகும் என்பதை, மட்டையின் தலை பந்தைத் தொடும் நேரத்தில் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதும், தொடும் இடத்தில் பந்துக்குப் பின்னால் எவ்வளவு நிறை நிற்கிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இலகுவான மட்டை முதலாவதைக் கூட்டும், இரண்டாவதைக் குறைக்கும். குறுகிய இடத்தில் சட்டென்று வீசக்கூடியவர்களுக்கு அந்தக் கணக்கு லாபமாக முடியும். நீண்ட, நிதானமான வீச்சு உள்ளவர்களுக்குக் கனமான மட்டையே அதிக வேகம் தரும். இரண்டு வகையினரையும் ஒரே களத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே ‘இலகுவானது என்றால் வேகம், கனமானது என்றால் துல்லியம்’ என்ற பாகுபாட்டை அப்படியே ஏற்க வேண்டாம். அட்டையில் அச்சிடப்படும் ‘பவர்’ எண்கள் ஒரு நிறுவனத்தின் மட்டைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு ஓரளவு உதவும். ஹெட் நிறுவனத்தின் மட்டையை ஈ-ஃபோர்ஸ் மட்டையுடனோ கியர்பாக்ஸ் மட்டையுடனோ ஒப்பிட அவை உதவா.

முழங்கை வலி உள்ளவருக்கு எடையைப் பற்றிய முடிவு கொஞ்சம் மாறும். 40 கிராம் பந்து மோதும்போது இலகுவான சட்டம் அதிகமாகப் பின்வாங்கும், அதிகமாக முறுக்கிக்கொள்ளும். அந்த அதிர்ச்சியின் ஒரு பகுதி கைக்கு வரும். கனமான சட்டம் அதை அதிகமாகத் தானே தாங்கிக்கொள்ளும். இதுவரை இயற்பியல். ஆகவே நடுத்தர எடைக்குக் கீழே போகாதீர்கள் என்று நரம்பு கட்டுபவர்களும் பயிற்றுநர்களும் பரவலாகச் சொல்கிறோம். இது பழக்கத்திலிருந்து வரும் அறிவுரை. குறிப்பிட்ட எடை குறிப்பிட்ட வலியைத் தடுக்கும் என்று நிறுவப்பட்ட உண்மையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கனம் கூடிப்போனாலும் கேடு உண்டு: களைத்த கை பந்துக்குத் தாமதமாகச் சென்று, உடலுக்குப் பின்னால் பந்தைச் சந்திக்கத் தொடங்கும். தாமதமான பேக்ஹேண்டைவிட முழங்கைக்குப் பகையானது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதிர்வைக் குறைக்கும் தொழில்நுட்பங்கள் எனக்கு ஐயம் அதிகமுள்ள பகுதி. ப்ரோகென்னக்ஸ் நிறுவனம் சட்டத்துக்குள் சிறு அறைகள் அமைத்து, அவற்றில் தளர்வாக நகரும் துகள்களை இட்டு அதிர்ச்சியைத் தணிப்பதாகச் சொல்கிறது. கையில் இதமாக இருக்கிறது என்று அவற்றை விடாமல் பயன்படுத்துபவர்கள் எங்கள் கிளப்பில் உண்டு. அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘இதமாக இருக்கிறது’ என்பதும் ‘தசைநாருக்கு நல்லது’ என்பதும் தனித்தனிக் கூற்றுகள். நரம்புகளுக்கிடையே செருகும் ரப்பர் துண்டைப் பற்றி டென்னிஸில் சோதனை செய்திருக்கிறார்கள்: நரம்பின் அதிர்வும் ஓசையும் குறைகின்றன, சட்டத்திலிருந்து முன்கைக்குப் போகும் அதிர்வு குறைவதாகத் தெரியவில்லை. ராக்கெட்பாலிலும் அதை ஓசைக்கான பொருளாக மட்டுமே கருதுங்கள்.

கைப்பிடியின் சுற்றளவு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எடைக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது அதைத்தான். ராக்கெட்பால் மட்டைகள் பெரும்பாலும் இரண்டு அளவுகளில்தான் வருகின்றன: 3⅝ அங்குலம், அதாவது 92 மில்லிமீட்டர், 3 15/16 அங்குலம், அதாவது 100 மில்லிமீட்டர். டென்னிஸ் ஆடியவர்களுக்கு இரண்டுமே மெலிதாகத் தோன்றும். பாட்மின்டனிலிருந்து வரும் உங்களுக்கு அந்தக் குறை இருக்காது. வழக்கம்போலப் பிடித்துப் பாருங்கள். நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரலின் அடிச் சதையை மெல்லத் தொட்டால் அளவு சரி, சதைக்குள் அழுந்தினால் மெலிது, எட்டவே இல்லையென்றால் தடிமன். ஐயமிருந்தால் சிறியதையே வாங்குங்கள். மேலே ஓர் ஓவர்கிரிப், அதாவது உறையின் மேல் சுற்றும் மெல்லிய நாடா, சுற்றினால் ஏறத்தாழ 1/16 அங்குலம் கூடும். வாங்கிய கைப்பிடியைச் செதுக்கிக் குறைக்க முடியாது. தவறான சுற்றளவு முழங்கை வலியைத் தரும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. டென்னிஸ் வீரர்களை வைத்துச் செய்து 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், சுற்றளவைக் கால் அங்குலம் கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது முன்கைத் தசைகளின் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே சுற்றளவை வலிக்கு மருந்தாகப் பரிந்துரைக்க மாட்டேன். வியர்வையில் மட்டை கையில் சுழலாமல் இருப்பதற்கும், அதனால் தேவையின்றி இறுக்கிப் பிடிக்காமல் இருப்பதற்கும் அது முக்கியம். ஆடும்போது வியர்வை அதிகம் வழிந்தால் ரப்பர் உறையைவிட, வாரம் ஒருமுறை மாற்றக்கூடிய ஓவர்கிரிப் நல்லது. கையுறை அணிபவர்களும் பலர் உண்டு.

நரம்பு, நம்மூர் ஆட்டக்காரர்கள் ‘கட்’ என்று சொல்வது, உங்கள் 120 டாலருக்குள் மிகப்பெரிய மாற்றத்தைத் தரக்கூடியது. ஆலையிலிருந்து வரும் மட்டைகளில், விலை குறைந்தவற்றில் குறிப்பாக, நீண்டநாள் அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தடித்த 16 கேஜ் நைலான் கட்டியிருப்பார்கள் (கேஜ் என்பது நரம்பின் தடிமனைக் குறிக்கும் எண்; எண் கூடினால் நரம்பு மெலியும்). அதை அறுத்துவிட்டு 17 கேஜில் பல இழைகள் சேர்ந்த மென்மையான நரம்பைக் கட்டினால், அதே சட்டம் வேறொரு மட்டையைப் போல நடந்துகொள்ளும். இறுக்கம் குறைந்தால் நரம்புப் பரப்பு அதிகமாக வளைந்து கொடுத்துப் பந்தைத் திருப்பித் தள்ளும், மோதலும் மெதுவாக நிகழும். இறுக்கம் கூடினால் பந்து போகும் திசை கணிக்கத்தக்கதாகும், வேகத்தை நீங்கள் தர வேண்டும். ராக்கெட்பாலில் 28 முதல் 36 பவுண்டு வரை கட்டுவது வழக்கம். உங்கள் சட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு அதன் மீதே அச்சிடப்பட்டிருக்கும். பாட்மின்டனில் 26 பவுண்டு கட்டிய பழக்கத்தில் இந்த எண்களைப் படிக்காதீர்கள். நரம்பின் தடிமனும் பரப்பும் வேறு என்பதால் அந்த 26 க்கும் இந்த 28 க்கும் உறவில்லை. வலி இருக்கும் வரை வரம்பின் கீழ்ப்பகுதியில் இருங்கள். சில உயர்விலை மட்டைகளில் நடு நரம்புகள் கைப்பிடிக்குள் இறங்கும் அளவுக்கு நீளமாக இருக்கும். நீளம் கூடக் கூட நெகிழ்வும் கூடும் என்பதால் அவற்றில் வேகம் அதிகம் என்பது நம்பத்தக்கதே. ஆனால் சில மாதங்களே ஆடிய ஒருவருக்கு அதற்கான கூடுதல் விலை தேவையில்லை. நீர்த்துளி வடிவத் தலையா, சதுரம் சார்ந்த தலையா என்பதிலும் இப்போதைக்கு நேரம் செலவிட வேண்டாம். பந்தை ஒவ்வொரு முறையும் நரம்புப் பரப்பின் ஒரே இடத்தில் சந்திக்கும் அளவுக்குக் கை தேறிய பிறகுதான் அந்த வேறுபாடு பயன்படும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தியாவிலிருந்து யாரையாவது வாங்கி அனுப்பச் சொல்லும் எண்ணமிருந்தால், இதே பெயரில் ஸ்குவாஷ் களத்தில் ஆடும் பிரிட்டிஷ் ஆட்டம் ஒன்று உண்டு என்பதை நினைவில் வையுங்கள். உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பு 2016 இல் அதற்கு ஸ்குவாஷ் 57 என்று பெயர் மாற்றியது. பழைய பெயரிலேயே இன்னும் விற்கும் கடைகள் உண்டு. அந்த மட்டை நீளமானது. நீங்கள் ஆடும் ஆட்டத்தின் விதிக்கு ஒவ்வாது. மணிக்கட்டுக் கயிறு கட்டாயம் என்பதும் விதிதான். மூடிய அறைக்குள் வியர்த்த கையிலிருந்து நழுவும் மட்டை எங்கே போய்ப் படும் என்பது யார் கையிலும் இல்லை.

உங்கள் 120 டாலரை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் 25 அல்லது 30 டாலர் கண்காப்புக் கண்ணாடிக்கு. உங்களிடம் அது இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். பாலிகார்பனேட் வில்லை பொருத்திய, ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் தரம் பெற்ற கண்ணாடியாக இருக்க வேண்டும். அன்றாடம் அணியும் மூக்குக்கண்ணாடி போதாது. வில்லை இல்லாத வெறும் சட்டமும் உதவாது, ஏனெனில் உள்ளே வெற்றான ரப்பர்ப் பந்து வேகமாக வரும்போது நசுங்கி இடைவெளிக்குள் புகுந்துவிடும். அடுத்த 60 முதல் 70 டாலரில், சென்ற பருவத்து மாதிரி ஒன்றைத் தள்ளுபடியில், 170 அல்லது 175 கிராமில், சமநிலைப் புள்ளி நடுவிலோ சற்றுக் கீழேயோ உள்ளதாகத் தேடுங்கள். மிச்சம் நரம்புக்கு. நீங்கள் குறிப்பிட்ட இரண்டில் ஒன்றைத்தான் வாங்குவேன் என்றால் 185 கிராம் மட்டையைச் சொல்வேன். அதன் எடை கைக்கு அருகில் இருப்பதால் வலையருகே ஆடிப் பழகிய உங்கள் சுறுசுறுப்பை அது பெரிதாகக் குறைக்காது, மோதலையும் நன்றாகத் தாங்கும். 160 கிராம் மட்டையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஆடிப் பாருங்கள். சில விற்பனையாளர்கள் சிறு கட்டணத்துக்குச் சோதனை மட்டைகளை அனுப்புகிறார்கள். அது இயலாவிட்டால் களத்தில் காத்திருப்பவர்களிடம் கேளுங்கள், நான் அறிந்தவரை ராக்கெட்பால் ஆடுபவர்கள் மட்டையை மறுப்பின்றித் தருவார்கள். ஒப்பிடும் எல்லா மட்டைகளுக்கும் ஒரே பந்தைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் பழைய பந்து எந்த மட்டையையும் மந்தமாக்கிக் காட்டும். வேகமான சர்வ் எல்லா மட்டையிலும் நன்றாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்சுவருக்கு அருகில் நின்று, பேக்ஹேண்டில் பந்தை மேற்கூரைக்கு அனுப்பும் அடியைத் தொடர்ந்து இருபது முறை அடியுங்கள். கை எங்கே தளர்கிறது என்று அது சொல்லிவிடும். பிறகு முன்சுவருக்கு அருகே நின்று, நண்பரை உங்கள் உடலை நோக்கி அடிக்கச் சொல்லி, மட்டை நேரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவது ஆட்டத்தின் முடிவிலும் இந்த இரண்டையும் செய்ய முடிகிற மட்டைகளுள் கனமானது எதுவோ, அதுவே உங்கள் எடை.

வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதும் கதவுக் குமிழைத் திருகும்போதும் தெரிந்தாலோ, மட்டைக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் போங்கள். தசைநார் அழற்சியைத் தொடக்கத்தில் கவனித்தால் சில வார ஓய்வோடும் பயிற்சிகளோடும் பலருக்கு அடங்கிவிடுகிறது. அதன் மீதே ஆடிக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். மட்டை வாங்கி நரம்பு கட்டக் கொடுக்கும் நாளில், எந்த நரம்பு, எந்த கேஜ், எத்தனை பவுண்டு, எந்தத் தேதி என்பதை ஒரு சிறு ஒட்டுத்தாளில் எழுதி மட்டையின் கழுத்துப் பகுதியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, ஆண்டுக்கு அத்தனை முறை நரம்பை மாற்றுவது எங்கள் வழக்கம். அடுத்த முறை மாற்றும்போது இரண்டு பவுண்டு மட்டும் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். எடையையும் நரம்பையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று உங்களுக்கும் தெரியாது, கேட்டால் எனக்கும் சொல்ல முடியாது.